வாளியில் வரும் கடல்

ஜிலினாவில் கடல் கிடையாது.
வாளியில் வருகிறது.
இருபது கிலோ வெள்ளைத் தூள்,
லிஃப்ட் நின்றுபோன நாட்களில்
ஆறு மாடி
என் தோள்மேல் ஏறும் கடல்.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
இரவு முழுக்கக் கலங்க வேண்டும்.
குளியல் தொட்டியை அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு
டிராலி பஸ் டிப்போவில் குளிக்கிறேன் நான்.

உப்பிட்டவனை உள்ளளவும் நினைக்கிற
ரகமில்லை இவை.
ஒரு கண் என் பக்கம் திரும்பும்.
மற்றது தன்பாட்டுக்கு
கண்ணாடியில் ஊரும் நத்தையைப் பார்த்திருக்கும்.
அந்த அரைப் பார்வை போதும்.

குதிரை என்று பேர்தான்.
ஓடாது, கனைக்காது.
இறால் துணுக்கை உறிஞ்சும்போது மட்டும்
பேனா மூடி கழல்வதுபோல் ஒரு சொடுக்கு.
பம்ப் சற்றே வேகமெடுத்தால்
எதையாவது வாலால் பற்றிக்கொள்ளும்.
பாசித் தண்டு, வெப்பமானியின் ஒயர்,
எதுவும் எட்டாவிட்டால்
ஒன்றையொன்று.

ஸ்லாத்திட்ஸா ஆஸ்திரியாவில், லின்ஸில்.
இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
தொண்ணூற்றொரு வயது கெரோல்டிங்கரை
எழுப்புகிறாள், துடைக்கிறாள், ஊட்டுகிறாள்.
சனிக்கிழமை வேன்
ஒருத்தியை இறக்கிவிட்டு
இன்னொருத்தியை ஏற்றிப் போகும்.

காலையில் தொட்டி விளக்கு எரிந்ததும்
பெண் ஆணிடம் வரும்.
இரண்டும் நிறம் வெளுத்து
ஒரே தண்டைச் சுற்றி வலம் வரும்,
ஆறேழு நிமிடம்.
பிறகு அதனதன் மூலை.
அந்நேரத்துக்குத்தான் அவள் அழைப்பாள்.
"சாப்பிட்டாச்சா?"
"ஆச்சு."
அவள் கேட்டது என்னை.
நான் சொன்னது இவற்றை.

அக்டோபரில் அவன் வயிறு வீங்கியது.
இந்த இனத்தில் சுமப்பது ஆண்.
டிப்போவில் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.
பிரவோஸ்லாவ் என் தொப்பையைத் தட்டி
"உனக்கு எத்தனையாவது மாதம்?" என்றான்.
அன்று முழுக்க
நாலாம் தடத்தில் எல்லா நிறுத்தத்திலும்
கதவுகளைக் கொஞ்சம் ஓங்கியே மூடினேன்.

இருபத்திரண்டாம் நாள், விடியும் முன்,
உடம்பை மடக்கி மடக்கி
அவன் பிள்ளைகளை உதறினான்.
வெட்டிப்போட்ட நகத்துணுக்கு அளவில்
முழுக் குதிரைகள்.
நூற்று நாற்பதுவரை எண்ணினேன்.
பிறகு முதல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் அவன் மிதந்தான்.
பையில் காற்று.
எதையும் பிடிக்க முடியாமல்
தண்ணீரின் கூரையைத் துழாவியது வால்.

அழைத்தேன். கெரோல்டிங்கர் கண்ணயரும் நேரம்.
போனை உப்பு வாளிமேல் சாய்த்தேன்.
"முதலில் கையை நனை" என்றாள்.
நடுங்காதே என்று சொல்லவில்லை.
"தண்ணீருக்குள்ளேயே பிடி. தலை மேலே இருக்கட்டும்.
குழாயை அழுத்தாதே, காத்திரு.
அதுவே வழிவிடும்.
இப்போது அடியிலிருந்து மேலே தடவு."
என் வீட்டில் நான் கேட்டிராத குரல்,
கூலிக்குப் பிறர் வீட்டில்
நாள் முழுக்கச் செலவாகும் குரல்.

கட்டைவிரலுக்கடியில்
சீப்புப் பற்கள்போல் எலும்பு வளையங்கள்.
ஒரு குமிழ்.
வெகு நேரம் ஒன்றுமில்லை.
இன்னொன்று.

கூழாங்கல்போல் இறங்கி
தண்டைப் பற்றிக்கொண்டான்.

அவள் பின்னால் ஒரு கிழக்குரல்
ஜெர்மனில் ஏதோ கேட்டது.
"குதிரை," என்றாள் அவள்,
"எங்கள் வீட்டுக் குதிரைக்குச் சுகமில்லை."
எந்த லாயத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்று
மாலைவரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நடுச்சாமத்தில் எழுகிறேன்.
பாட்டிலில் பொரித்த நுண்ணிறாலை
துளித்துளியாகக் குஞ்சுகளுக்கு விடுகிறேன்.
விடிந்ததும் தேக்கரண்டியால்
அசையாதவற்றை எடுக்கிறேன்.
ஒன்றாவது வளர்ந்து பார்ப்பது
குதிரைக்கொம்பு என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் பூதக்கண்ணாடியில் பார்த்தால்
ஒவ்வொன்றின் உச்சியிலும்
கொம்பு மாதிரி ஏதோ இருக்கிறது.

இன்று பதினொன்று மிச்சம்.
பதினான்கு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.
சனிக்கிழமை வந்து எண்ணுவாள்.
இன்று வியாழன்.
வாளியைச் சுரண்டினால்
அடி தட்டுகிறது.