இருபத்துமூன்று ஒழுக்கு

நோர்வூட் பழைய இரும்புக் கடையில்
கிலோக் கணக்கில்தான் விலை கேட்டேன்.
ஹேரத் முதலாளி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இது போட். நிறுத்து விக்க ஏலாது."
பதின்மூன்றடி அலுமினியம்,
எந்தத் துரையோ மீன் பிடித்து அலுத்துப்போய்
விட்டெறிந்தது.
எட்டுக் குதிரை எஞ்சினும் சேர்த்து
சத்தியவேணியின் இரண்டு வளையல்.

அவளிடம் பிறகுதான் சொன்னேன்.

லயத்து வாசலில், நாலு சீமெந்துக் கல்லின் மேல்
குறுக்கே கிடந்தது படகு.
பக்கத்துக் காம்பராக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு பீலிக்குப் போனார்கள்.
அவளும் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனாள்,
சுற்றிக்கொண்டு வந்தாள்.
சோறு வைத்தாள்.
பேச்சு வைக்கவில்லை.

நடு ஆசனம் உளுத்திருந்தது. கழற்றினேன்.
அடியில் ஒரு பித்தளை அஞ்சு ரூபா,
எத்தனை வருஷ ஈரத்தில் கிடந்ததோ,
தன் அளவுக்கே வட்டமாய்
அலுமினியத்தைத் தின்று வைத்திருந்தது.
ஒரு உலோகம் இன்னொன்றின் மேல்
சும்மா கிடந்தாலே போதும், நனைந்தால் தின்னும் என்று
கராஜில் கேட்டிருக்கிறேன்.
காசைத் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
அவள் பார்த்தாள். என்ன நினைத்தாளோ.

ஒழுக்கு எங்கே என்று அறிய
படகின் உள்ளே தண்ணீர் நிரப்ப வேண்டும்.
வெளியே எங்கே சொட்டுகிறதோ
அந்த வழியாகத்தான் டேம் உள்ளே வரும்.
பீலியில் நாற்பது வாளிக்கு யார் விடுவார்கள்?
"ஒன் கப்பலுக்காக நாங்க குளிக்காம கெடக்கணுமா?"
கமலேஸ்வரி அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது.

வைகாசியில் வானம் நிரப்பியது.
ஒரே ராத்திரி. விடியும்போது விளிம்புவரை.
அடிவயிறு முழுக்கச் சொட்டு.
ஈரத்தில் சோக் எழுதவில்லை.
நனைய வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டேன்:
சொட்டுகிற ரிவெட்டுக்கு ஒரு விரல்.
டிலோஜன் இரண்டு கையாலும் ஏழு பிடித்தான்.
அண்ணாந்த முகங்களும் அடக்கிய சிரிப்புமாய்
பெரிய மாட்டின் மடியில் கன்றுகள் மாதிரி
ஒண்டிக் கிடந்தார்கள்.
"இருபத்துமூணு" என்றது ஒரு குரல்.
இஸ்தோப்பில் நின்றவள்,
நகப்பூச்சுக் குப்பியை நீட்டினாள்.
"தொடச்சிட்டு இத வை."
ஒரு மாசத்தில் அவள் என்னிடம் சொன்னது
அவ்வளவுதான்.

ரிவெட் அடிக்க ஆள் இரண்டு வேண்டும்.
வெளியே சுத்தியல்,
உள்ளே கனத்த இரும்பை முட்டுக்கொடுக்க ஒரு கை,
நடுவில் தகடு. முகம் தெரியாது.
ரெஜினோல்ட் வருகிறேன் என்றான், வரவில்லை.
அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு
இடுப்பில் கட்டிய படங்கோடே ஏறி உட்கார்ந்தாள்.
பேசாமல் வேலை செய்ய ஒரு கணக்கு வேண்டியிருந்தது:
ஒரு தட்டு என்றால், பிடித்துவிட்டேன், அடி.
இரண்டு தட்டு என்றால், பொறு.

பதினோராவதில்
இரண்டு தட்டு.
பொறுத்தேன்.
மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி
பீலி மறையும்வரை பொறுத்தேன்.
"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல."
பானைக்குள் பேசுவதுபோல் வந்தது குரல்.
என்னிடம் சுத்தியல் மட்டும்தான் இருந்தது.
பிறகு ஒரு தட்டு.
அடித்தேன்.

ஆவணியில் எட்டுப் பேர் தலையில் கவிழ்த்துத் தூக்கி
தேயிலைக்குள் இறங்கினோம்.
"செடி! செடி!" என்று கத்திக்கொண்டே வந்த கணக்கப்பிள்ளை
கடைசி வளைவில், வழுக்கலில்,
தானும் ஒரு கை கொடுத்தார்.

வளையல் இன்னும் ஹட்டன் அடகுக் கடையில்.
எஞ்சின் பத்தாவது இழுப்பில் இருமி
பதினோராவதில் பிடித்தது.
காசல்ரீயின் நடுவில், அவள் காலடியில்
கோடாக ஓர் ஈரம்.
இருபத்துநாலாவது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
பால்மா டின்னால் மொண்டு ஊற்றத் தொடங்கியவள்
கரைப்பக்கம் திரும்பவில்லை.
பக்கத் தகட்டில்,
விரல் முட்டியால்,
ஒரு தட்டு.