ஒரு பென்னி மலிவு

இரண்டு வருடம் அது சாம்பல் கடையில் மட்டும்தான் கிடைத்தது.
கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு,
சாவி எம்ரிஸின் கழுத்தில்.
தொட்டுப் பார்க்கவே பெயர் எழுதிக்கொடுத்துக்
காத்திருந்தது ஸ்வான்ஸீ.
மற்ற நெட்வொர்க்குகள் தங்கள் ஜன்னலில்
அதன் ஜாடையில் வேறொன்றை வைத்து
அதன் பெயரைச் சொல்லாமலே
அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பூட்டு கழன்றது.
எட்டு மணிக்கெல்லாம் எதிரும் புதிருமாக
மூன்று கடை, ஒரே சரக்கு.
பச்சைக் கடைக்காரன் பலகையில் எழுதினான்:
மாதம் முப்பத்தைந்து பவுண்டு.
ஊதாக் கடைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு எழுதினாள்:
முப்பத்துநான்கு, தொண்ணூற்றொன்பது பென்னி.
பச்சை அழித்தது. தொண்ணூற்றெட்டு.
சாம்பல் கடையில் யாரும் எதையும் எழுதவில்லை.
அவர்கள் இன்னும் வரிசைக்காகக் கதவைப் பார்த்திருந்தார்கள்.

நான் பச்சைக் கடையின் கைபேசி.
ஆறடி நுரை ரப்பர்; உள்ளே டைலோ என்கிற நான்.
திரை இருக்கவேண்டிய இடத்தில் கொசுவலை போல ஒன்று,
அதன் வழியாகத்தான் எனக்கு உலகம்.
மணிக்கு ஆறு பவுண்டு.
மழையில் நுரை குடிக்கிற தண்ணீரின் எடைக்குத்
தனியாக எதுவும் இல்லை.
எதிர்வரிசையில் அதே ஆறடி, அதே கறுப்பு, அதே வலை,
குறுக்கே மட்டும் ஊதாப் பட்டை:
உள்ளே நெஸ்டா.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம்.
இங்கே தெரு மூன்றுபட்டுக் கிடந்தது.
கூத்தாடிக்கு மதியம் இருபது நிமிடம் இடைவேளை.

"அம்மா, இதில் எது நிஜம்?"
மூக்கு ஒழுகும் ஒரு பையன் கேட்டான்.
"எது மலிவோ அது."
அவள் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.
ஊதா: தொண்ணூற்றேழு.

பள்ளத்தாக்கிலிருந்து ப்ரோஸர் என்றொருவர்
இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.
"எங்கள் வீட்டுச் சமையலறையில் சிக்னல் வருமா?"
பச்சை ஒரு வரைபடம் காட்டியது.
ஊதா ஒரு வரைபடம் காட்டியது.
இரண்டிலும் அவர் வீட்டின்மேல் தாராளமாக வண்ணம்.
"மலையிடம் கேட்டுவிட்டுத்தான் பூசினீர்களா?" என்றார்.
பேனா ஒன்றை இலவசமாக எடுத்துக்கொண்டு
பஸ் ஏறிவிட்டார்.

மூன்று மணிக்கு வளைகுடாவிலிருந்து ஒரு காற்று.
நான் மல்லாந்து விழுந்தேன்.
கவிழ்த்துப் போட்ட ஆமைக்கு இருக்கிற சௌகரியம்கூட
கைபேசிக்கு இல்லை;
மடங்க இடுப்பு கிடையாது.
ஆறு பேர் படம் எடுத்தார்கள்,
அவர்களில் இரண்டு பேர் என்னை வைத்தே என்னை எடுத்தார்கள்.
நெஸ்டாதான் வந்து தூக்கினாள்.
இரண்டு வலைகள் உரசிக்கொண்டன.
உள்ளிருந்து இருமல் மிட்டாய் வாசனை.
"உனக்கு ஒப்பந்தம் எவ்வளவு நாள்?"
"சனிக்கிழமை வரை. உனக்கு?"
"ஞாயிறு."
வாங்குகிறவர்களுக்கு இருபத்துநான்கு மாதம்.
"பட்டையை மாற்றிக்கொள்ளலாமா?" என்றாள்.
ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.
யாருக்கும் தெரிந்திருக்காது,
விலை அந்தந்தப் பலகையில்தானே இருந்தது.

சாம்பல் கடைக்குள் ஈ ஆடவில்லை.
எம்ரிஸ் வெளியே வந்தார், கையில் மூன்று தேநீர்,
எங்கள் இரண்டிலும் உறிஞ்சுகுழல்.
நேரம் இருப்பவருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.
வலையின் கண்ணில் குழலை நுழைத்து
நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தோம்.
சாவி இன்னும் அவர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
"கழற்றவில்லையா?" என்றாள் நெஸ்டா.
அவர் குனிந்து, அப்போதுதான் பார்ப்பவர்போல,
அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"அங்கே ஆள் எடுக்கிறார்களா?"
பொதுவாகத்தான் கேட்டார்,
எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த காற்றிடம்.

தெருவிளக்கு எரிந்தது.
பச்சைக்காரன் ஈரத்துணியோடு வந்து
பலகையைத் துடைத்தான்.
தொண்ணூற்றாறு.