பதினேழாம் வண்டி

ரிக்கி ப்ளூரின் சாம்ப்ளருக்கு ஞாபகசக்தி
மொத்தமே பதினோரு நொடி.
அதற்குள்தான் எல்லாம்.

அதனால் திருட்டிலும் ஒரு சிக்கனம்:
முப்பத்துமூன்றில் சுற்றவேண்டிய தட்டை
நாற்பத்தைந்தில் விரட்டி உள்ளே வாங்கி
பிறகு வேகத்தை இறக்கி ஆறப்போடுவான்.
நொடி மிச்சம். ஒலியில் கொஞ்சம் மணல் விழும்.
விழட்டும் என்பான். இது ஸ்டோக்,
இங்கே எதைத் தொட்டாலும் களிமண்.

ஐம்பது பென்ஸுக்கு வாங்கிய அமெரிக்கத் தட்டிலிருந்து
இரண்டு சுற்று டிரம்ஸ்,
அடித்தவரின் மிதிகட்டை கிறீச்சிடுவது உட்பட.
வாடகை வீடியோவிலிருந்து ஒரு பேய்ப்படத்துக் கதவு.
யாருடையதென்று எங்களுக்கே மறந்துபோன பியானோ,
ஒரு கை அகலம்.
மீதி இரண்டேகால் நொடி.
அதில் மாவிஸ்.

மாவிஸ் டன்னிக்ளிஃப். பர்ஸ்லெம் டாக்ஸி ஆபீஸ்.
இரவு ஷிஃப்ட், வயர்லெஸ் முன்னால் மெந்தால் சிகரெட்.
ரிக்கி அங்கே பதினேழாம் வண்டி.
"பதினேழு... பதினேழு, எங்கப்பா இருக்க?"
வண்டி ஸ்பீக்கரோடு காஸெட் ரெக்கார்டரை
அணைத்துப் பிடித்து எடுத்தது.
இரண்டாவது பதினேழில் குரல் லேசாக உடையும்.
அந்த உடைசலைத்தான்
நான்கு ராத்திரி வெட்டி வெட்டி ஒட்டினான்.

ஐந்நூறு பிரதி. வெள்ளை லேபிள்.
பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை,
அவன் தங்கை நூலகத்திலிருந்து தூக்கிவந்த
தேதி முத்திரை மட்டும்: 14 ஜூன் 1991.
என் ஃபியஸ்டா பின்பாரத்தில் தரையைத் தேய்க்க
டெர்பி, லெஸ்டர், பர்மிங்ஹாம்.
கடைக்காரன் ஊசியை வைப்பான்,
எட்டு நொடி கேட்பான், தூக்குவான்.
"அஞ்சு." இல்லாவிட்டால் "வேணாம்."
லெஸ்டரில் ஒருவன் மட்டும்
மாவிஸ் வரும்வரை ஊசியை விட்டுவைத்தான்.
முப்பது எடுத்துக்கொண்டான்.

ஆகஸ்டில், லாங்டனில், மூடிக்கிடந்த டைல்ஸ் ஃபேக்டரி.
பூட்டை யார் அறுத்தார்கள் என்று கேட்கக்கூடாது.
ஆயிரத்துச் சொச்சம் பேரின் வியர்வை
ஆவியாகிக் கூரையில் முட்டி
பழைய வெள்ளைத் தூசியைக் கரைத்துக்கொண்டு
எங்கள் மேல் சொட்டியது,
பால் மாதிரி.
மூன்றரை மணிக்கு அந்தத் தட்டு.
டிரம்ஸ் சட்டென்று நின்றது.

பதினேழு, எங்கப்பா இருக்க?

"இங்கே!" என்றது கூட்டம்.
திரும்பிப் பார்த்தேன். ரிக்கியின் முகம் நனைந்திருந்தது.
கூரைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

விடிந்ததும் எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வண்டி வேண்டும்.
லாங்டனின் அத்தனை டெலிபோன் பெட்டியிலிருந்தும்
பர்ஸ்லெமுக்கு அழைப்பு.
எடுத்தவுடன் வழக்கம்போல மாவிஸ் கேட்டாள்:
"எங்கப்பா இருக்க?"
மறுமுனையில் ஒரே அலறல்.
அவங்களேதான்டா! இன்னொரு தடவை சொல்லுங்க!

திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டாள்.
கோபம் இல்லை. காசும் கேட்கவில்லை.
"அது எந்த ராத்திரின்னு எனக்குத் தெரியும்.
நாப்பது நிமிஷம் நீ பதிலே சொல்லல.
அதுக்கு முந்தின வாரந்தான்
ஒன்பதாம் வண்டிக்காரனைக் கத்தியால குத்தியிருந்தாங்க.
போலீஸுக்கு டயல் பண்ணக் கை வச்சிட்டேன்."

அவளிடம் சொல்லாததை ரிக்கி என்னிடம் சொன்னான்:
டன்ஸ்டால் கார் பார்க்கில் இன்ஜினை அணைத்துவிட்டு
வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தான்.
இன்னொரு முறை கூப்பிடுவாள்,
இன்னும் சுத்தமாக வரும்.

ஆக, நாங்கள் அன்று ஆடியது
ஒருத்தியின் பயத்துக்கு.

இரண்டாவது அச்சு, முந்நூறு பிரதி.
லண்டனில் தட்டு வெட்டும் அறையில்
இசை தீர்ந்தபின் வரும் வெற்று வளையத்தில்
ஊசி கேட்டு வாங்கி அவனே கீறினான்:
17. இருக்கேன் மாவிஸ்.
யாரும் படித்ததில்லை.
அந்த இடம் வருவதற்குள் அடுத்த தட்டு ஏறிவிடும்.
விற்கவும் இல்லை. அதற்குள் ஊரே
இன்னும் வேகமாக ஆட ஆரம்பித்திருந்தது.
நூற்று நாற்பது என் பரணில் வளைந்துகிடக்கின்றன.

மாவிஸுக்கு ஒன்று கொடுத்தான்.
அவளிடம் தட்டு ஓட்டும் பெட்டி கிடையாது.
உறையைப் பிரித்து முகர்ந்துபார்த்துவிட்டு
"புது ஷூ மாதிரி இருக்கு" என்றாளாம்.