கணக்காய்வு வினா ஏழு

ஐயா,
உங்கள் பச்சை மையை வாசித்தேன்.
'கயிறு, நைலோன், அறுபது பாகம்.
கற்பித்தலுக்கு எதற்கு?'
அதன் கீழே, இன்னும் அழுத்தி:
'பிற்செலவு எனத் தலைப்பிடப்பட்டுள்ளது.
இது எச்செலவு? முன்னனுமதி எங்கே?'

கயிற்றிலிருந்து தொடங்குகிறேன்.

மானியம் எண்பதாயிரம் ரூபாய்.
புதுமையாகப் படிப்பிக்க விரும்புகிறவர்களுக்கு
ஆண்டுக்கொரு தடவை கிடைப்பது.
விண்ணப்பம் பதினான்கு பக்கம்.
பக்கத்துக்கு எவ்வளவு விழுகிறதென்று
வகுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி.

எட்டு வருடமாக
ஒரே வெண்பலகையில் ஒரே கோடு.
புள்ளிகள் சிதறிக் கிடக்கும்,
நடுவால் கோடு போகும்,
பிள்ளைகள் கொப்பியில் இறக்குவார்கள்.
பரீட்சைக்கு மறுநாள் கேட்டால்
கோடும் இல்லை, புள்ளியும் இல்லை.

உதுமாலெவ்வையின் வலைக்கடையில் பில் புத்தகம் கிடையாது.
அரிசி ஆலைக் கலண்டரில் மார்ச்சைக் கிழித்து
பின்பக்கம் எழுதித் தந்தார். இணைப்பு நான்கு.
'கெம்பசுக்கு எதுக்கு புள்ள கயிறு?'
உங்களுக்கு முன்னமே கேட்டவர் அவர்.
'கோடு கீற' என்றேன்.
'கடலுக்கா?'
சிரிக்காமல்தான் கேட்டார்.

ஒலுவில் கரை, காலை ஆறரை.
ஆதங்கண்டுக் காக்காவின் வாடி மூலைக்கம்பிலிருந்து
தண்ணீர் வரை எத்தனை மீற்றர்,
இருபத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்து வைத்திருந்தோம்.
சிலது கிராம சேவகரின் கோப்பில்,
சிலது ஒரு கல்யாணப் போட்டோவின் பின்னால்,
மீதி காக்காவின் கால்களில்.
மூங்கில் தடி நட்டு, எட்டுக்கொரு வருடம்.
மீற்றருக்கொரு அடி அளந்து
ஆளுக்கொரு வருடமாய்ப் பிள்ளைகள் நின்றார்கள்.

கயிற்றின் ஒரு முனை இசுறுவிடம்,
மறுமுனை கோகுலவாணியிடம்.
தன்னிலிருந்து கயிறு எவ்வளவு தூரமோ
அந்த நீளத்தில் ஒவ்வொருவரும்
காலடியில் ஒரு சதுரம் கீறவேண்டும்.
எல்லாச் சதுரமும் கூட்டி
எப்போது ஆகக் குறைகிறதோ
அப்போது கயிறு நிற்கும். அவ்வளவுதான் பாடம்.

கூச்சல் என்றால் கூச்சல்.
'என்ட சதுரம் பெருக்குது, இங்கால எடுங்க!'
'மெஹாட்ட, மெஹாட்ட' என்றவன்
மறுகா தமிழில் 'இங்க, இங்க' என்றான்.
எல்லோரையும் விட்டுத் தள்ளி
தன்னந்தனியே நின்றாள் ஹஸ்மியா.
'நான் பிழையா மிஸ்?'
'பிழையில்லை. விலகல்.'
அவள் தன் சதுரத்தை இரண்டு முறை கீறினாள்.
அது அவ்வளவு பெரிது.

வலை தைத்துக்கொண்டிருந்த காக்கா எழுந்து வந்தார்.
'கயித்த இன்னும் நீட்டினா எங்க போய் முட்டும்?'
பாடத்திட்டத்தில் அது அடுத்த வாரம்.
நீட்டினோம்.
இந்த வருடத்தைத் தாண்டி
ஒன்பதாவது எட்டில்
மூங்கில் வரிசையைத் தொட்டது கயிறு.
தூரம் பூச்சியம்.
மூலைக்கம்பு.

தரவுக்கு வெளியே கோட்டை நம்பக்கூடாது,
நூலில் தடித்த எழுத்தில் இருக்கிறது என்றேன்.
'நம்பல்ல புள்ள' என்றார்.
'கடல் அந்தப் பொஸ்தகத்தப் படிச்சிருக்கா?'
பிறகு வாடிக் கூரையை
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிள்ளைகளில் ஒருவரும்
நேரமாகிறது என்று சொல்லவில்லை.
பத்து மணிக்கு அலை ஏறி
சின்னச் சதுரங்களை முதலில் அழித்தது.

ஐயா, பிற்செலவு செலவல்ல.
பழந்தமிழில் செலவென்றால் போதல்.
கோட்டைப் பற்றிப் பின்னே போய்ப் பார்ப்பது.
ஓர் ஆசிரியர் குழு எப்போதோ இட்ட பெயர்,
உங்கள் மேசைக்கு வருமென்று
அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.
முன்னனுமதி நான் கேட்கவில்லை.
கரையும் கேட்டதில்லை.

இறுதி அறிக்கையில் ஒரு கட்டம்:
'கற்றல் பேறு, அளவிடக்கூடிய விதத்தில்.'
ஹஸ்மியாவின் சதுரம்
பதினொன்றடிக்குப் பதினொன்றடி என்று எழுதினேன்.
அதற்கும் வினா வரும், தெரியும்.

மீதி அறுநூற்று நாற்பது ரூபாய் இத்துடன்.
கயிறு, நாற்பது பாகம், உப்போடு,
களஞ்சியத்தில் ஒப்படைத்தேன்.
இருபது பாகம் குறைகிறது.
காக்கா தோணியை மேலே இழுத்துக் கட்டக் கேட்டார்.
கொடுத்தேன்.
பற்றுச்சீட்டு இல்லை.