துவக்கில்லாதவை

ஏழு இருக்கின்றன என்னிடம்.
ஆறரை என்பதுதான் சரியான கணக்கு.
ஒன்றின் முனையை மூதூர் பேக்கரிப் போறணை
நாலங்குலம் தின்றுவிட்டது.

முப்பது வருஷம் அதைக் கொண்டுதான்
தணல் கிளறினார்கள், பாண் தட்டு இழுத்தார்கள்.
பிடியின் வரிகளில் மா, வளையத்தில் கரி.
புதுக் கம்பி ஒன்றும் ஆயிரத்து எண்ணூறு ரூபாயும் கொடுத்தேன்.
“வெறும் கறள், மிஸ்” என்றார் கூட வந்த உதுமாலெவ்வை.
பழைய இரும்புக்காரரே கறளென்று ஒதுக்கியதை
மடியில் வைத்துக்கொண்டு
கிண்ணியாப் பாலம் கடந்தேன், பஸ்ஸில், நின்றவர்களின் நடுவே.

புளி போட்டுத் துலக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.
நூற்றைம்பது வருஷத்துப் பித்தளை நிறம்
ஒரு கழுவலில் போய்விடும்.
தையல் மெஷின் எண்ணெய் போதும், பழைய பனியன் துணி போதும்.

பிரெஞ்சுக்காரனின் அலகு
உள்ளே குனிந்து பிறகு மனம் மாறி நிமிரும்.
அதன் முதுகில் தொழிற்சாலைப் பெயர், மாதம், வருஷம்,
கலியாணக் காட்டில் போடுகிற மாதிரிச் சாய்ந்த எழுத்தில்.
யாரோ ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டு
பொறுமையாக வெட்டியிருக்கிறான்.

இங்கிலிஷ்காரனுடையதில் ஒரு அம்பு: அரசாங்கச் சொத்து.
அதன் மூக்கோடு மூக்கு முட்டி இன்னொரு அம்பு:
விற்றாயிற்று, இனி எங்களுடையதல்ல.
துறைமுகத்தை விட்டுப் போனபோது
எந்தச் சுவரிலும் அந்த இரண்டாவது அம்பைக்
குத்திவிட்டுப் போனதாகத் தெரியவில்லை.

குறுக்குக் கட்டையில் வளையம்.
துவக்கின் வாய் நுழைகிற இடம்.
என் பெருவிரல் போய் மூட்டில் தட்டி நிற்கும்.
ஏழு வளையம், துவக்கு ஒன்றுமில்லை.
ஆரம்பம் எங்கேயோ போய்விட்டது,
முனைகளை மட்டும் வைத்திருக்கிறேன்.

வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி:
இது எத்தனை பேரைக் குத்தியது?
தெரியாது.
பாண் என்றால் சொல்லலாம். நாளைக்கு முந்நூறு, முப்பது வருஷம்,
பெருக்கிப் பாருங்கோ.

பெரியாஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம்
எக்ஸ்ரே எடுத்தவள் நான்.
ஓர் இரவு வேலையில், ஆளில்லாத மேசையில்,
மூதூர்க்காரியைக் கிடத்தினேன்,
பிடிக்குள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க.
பழக்கம்: “மூச்சைப் பிடியுங்கோ” என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளையாய் வந்தது படம். வெடிப்பில்லை.
காய வைக்கப் போன கம்பியில்
ஏற்கெனவே தொங்கியது தங்கேஸ்வரனின் தோள்.
வயது முப்பத்தொன்று, ஊர் புல்மோட்டை.
அரிசியளவில் பதினொரு வெள்ளை.
அதே வெள்ளை.
அவற்றில் இலக்கமில்லை, வருஷமில்லை,
எங்களுடையது என்றோ அல்ல என்றோ
ஒரு அம்பு கிடையாது.
இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் சொட்டின.
நான் என்னுடையதை மட்டும் கழற்றிக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு மே மாதம்
வாள், பெரிய கத்தி எல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
பழைய வொயில் சேலையில் ஏழையும் சுற்றி ஓட்டோவில் போனேன்.
கொன்ஸ்டபிள் விஜேகோனின் கொப்பியில் மூன்று கட்டம்:
வாள், கத்தி, வேறு.
“வாளா?”
“வாள் மாதிரி.”
“கத்தியா?”
“துவக்கில் பூட்டினால் ஈட்டி.”
“துவக்கு எங்கே?” எழுந்தே விட்டான்.
நானும் அதைத்தான் தேடுகிறேன் என்று
நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.
“வேறு” என்ற கட்டத்தில் 7 விழுந்தது.

பதினாறு மாதம் கழித்துத் திரும்பி வந்தன,
சேலை வரவில்லை.
ஒவ்வொரு வளையத்திலும் சணல் நூலில் ஒரு மட்டை:
இலக்கம், திகதி, என் பெயர், பிழையாக.

அவிழ்க்கவில்லை நான்.
ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பூசும்போது
மட்டையிலும் கொஞ்சம் பட்டுவிடுகிறது.
மை கலைந்து வருகிறது,
முதலில் இலக்கம்.