பெட்டி எண் நாற்பத்தொன்று

விடிந்து முதல் மணி.
உங்கள் கடிகாரத்தில் ஏழு.
சூரியன் எழுந்த பிறகுதான்
நாங்கள் எண்ணத் தொடங்குவோம்.
தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் பின்னால்
நில அளவைக் கிடங்கைப் பூட்டி
சாவியை யாரிடம் தருவதென்று தெரியாமல்
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாற்பத்தாறு பெட்டி. எல்லாம் வரைபடம்.
லாரிக்காரன் லுசாஜோ, ம்பேயா மலைக்காரன்,
"நாட்டையே ஏற்றிவிட்டீர்கள் அக்கா,
எடைமேடையில் என்ன சொல்ல?" என்றான்.

பொய்யில்லை.
ஒன்பதாம் பெட்டியில் கிளிமஞ்சாரோ
ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரும்
நாலாய் மடிந்து கிடக்கிறது.
அதன்மேல் தங்கனீக்கா ஏரி:
ஆயிரத்து நானூற்று எழுபது மீட்டர் ஆழம்,
விரற்கடைத் தடிமன்கூட இல்லை.
விக்டோரியாவை மூன்று நாட்டுக்குப் பங்கிட்ட கோடு
கயிறு உரசி அறுந்திருக்கிறது.
சான்சிபார் மட்டும் தனியாக,
சுருட்டி, ரப்பர் பட்டை போட்டு.

என் பெயர் தாபு. தொல்லை என்று பொருள்.
இரண்டு நாள் வலிக்குப் பிறகு பெற்றவள்
உண்மையைச் சொல்லிப் பெயர் வைத்தாள்.
நான் பிறக்குமுன்பே, எழுபத்து மூன்றில்,
தலைநகர் மாறுவதென்று முடிவாகிவிட்டது.
பள்ளியில் டோடோமா என்றெழுதி
மதிப்பெண் வாங்கினேன்.
பிறகு இருபது வருடம்
தலைநகரைக் கண்ணால் பார்க்காமலே
அரசாங்க உத்தியோகம்.
நான் மட்டுமா, அலுவலகமே அப்படித்தான்.

சலின்சேயில் அன்னாசி வாங்கினோம்.
மொரோகோரோவில் உலுகுரு மலை
மேகத்தில் முண்டாசு கட்டி நின்றது.
கைரோவில் காற்று, வேறொன்றுமில்லை.
அப்புறம் மண் சிவந்து
ஆனைப்புளிய மரங்கள்,
எங்கும் போக அவசரமில்லாத மந்தைபோல.

அப்போதுதான் ஷோமரி கூப்பிட்டான்.
ஐந்தாம் வகுப்பு. நாளைக்குப் பரீட்சை.
தெமேக்கேயில், என் தங்கை வீட்டில்.

"மக்கள் தொகை?"
"ஆறு கோடியைத் தொடும்."
"மொழி?"
"நூற்றிருபதுக்கு மேல்.
சந்தையில் சண்டை போடுவது மட்டும் சுவாஹிலியில்."
"பெரிய நகரம்?"
"நீ இருப்பது."
"தலைநகர்?"
"நான் போய்க்கொண்டிருப்பது."

சற்று நேரம் வெறும் இரைச்சல்.
"ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் அம்மா?"
"பாடத்தில் இல்லாததைக் கேட்காதே,"
என்று சொல்லி வைத்துவிட்டேன்.
நானூற்றைம்பது கிலோமீட்டர்.

வறண்ட ஊர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.
ஊருக்குள் நுழையும்போது மழை.
புது அலுவலகத்துக்கு அம்புக்குறி இருந்தது,
சாலை இன்னும் வரவில்லை.
பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை போயின.

திராட்சைக் கூடைகளோடு வந்த பையன்கள் நின்றார்கள்.
சிலோங்கானி என்றொருவன்
சக்கரத்தைக் குனிந்து பார்த்து
"இடோடோம்யா" என்றான்.
கோகோ மொழி. அமிழ்ந்துவிட்டது என்று அர்த்தமாம்.
முன்னொரு காலம் நீர் குடிக்க வந்த யானை
சேற்றில் இறங்கியதைப் பார்த்து யாரோ சொன்னதாம்.
ஊர்ப் பெயரே அதுதானாம், சொல்லிக்கொள்கிறார்கள்.

"யானை அப்புறம் என்ன ஆச்சு?"
லுசாஜோவுக்கு அதுதான் கவலை.
"அதை யாரும் சொன்னதில்லை,"
பையன் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினான்.

பாதிப் பெட்டிகளை இறக்கித்தான் லாரி ஏறியது.
நாற்பத்தொன்று கைநழுவித் தண்ணீரில்.

இரவு, மின்விசிறி மாட்டாத அறையில்
அதை மட்டும் திறந்தேன்.
தார் முதல் டோடோமா வரை ஒரே தாள்,
யாரோ தூரிகையால் வண்ணம் தீட்டியது.
இந்தியப் பெருங்கடலின் நீலம்
கரையைத் தாண்டி ஓடியிருந்தது.
சலின்சே இல்லை. உலுகுரு ஒரு தீவு.
டோடோமாவின் சின்ன வட்டத்துக்கு
இரண்டு விரற்கடை தள்ளி
அலை நின்றிருந்தது.

பதிவேட்டில் 'சேதம்' என்ற கட்டத்துக்கு நேரே
பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன்.

காயட்டும் என்று மேஜையில் விரித்தேன்.
நாலு மூலைக்கும் பாரம் வேண்டும்.
வாசலில் மூன்று கல்தான் கிடைத்தது.
நாலாவதற்குக்
கைப்பையைத் துழாவினேன்.