காதுல இருக்கு

எட்டு மாதத்தில் அவளுக்குக் கரண்டி என்பது
கண்ணில் படும்வரை கரண்டி.
கைக்குட்டையால் மூடினேன். அவ்வளவுதான்.
தேடவில்லை, அழவில்லை.
உலகத்தில் ஒரு கரண்டி குறைந்ததற்கு
வருத்தமே படவில்லை.

மாலையில் மோல்மேன் கரையில்
இடுப்பில் அவளோடு நிற்பேன்.
பிலூ தீவுப் படகில் டிக்கெட் கிழிக்கும் அவள் அப்பா
கையை ஆட்டுவார்.
படகு வளைவில் மறையும்.
இவள் உடனே பக்கத்திலிருக்கும் நாயைப் பார்ப்பாள்.
எனக்குத்தான் நெஞ்சு அந்த வளைவிலேயே நிற்கும்.

பிறகு ஒருநாள், தேதி குறித்து வைக்கவில்லை,
கைக்குட்டையை அவளே இழுத்தாள்.
கரண்டியைக் கண்டு சிரித்தாள்,
ஒளிந்தவனைப் பிடித்துவிட்டதுபோல.
அன்று மாலை படகு மறைந்த இடத்தைவிட்டு
கண்ணை எடுக்கவில்லை.
அழுகையும் அன்றுதான் தொடங்கியது.
காணாதது எங்கோ இருக்கிறது என்று
தெரிந்துகொள்வதற்கு அதுதான் விலை போல.

தீவுக்குப் பாலம் வந்தது.
ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நாங்களும் போனோம்.
படகு நின்றது.
அவர் தாய்லாந்துக்குப் போனார், மகாச்சாயில் இறால் உரிக்க.
அப்பா எங்கே என்றால்
தீவின் பக்கம் விரல் நீட்டுவாள்.
தாய்லாந்து நம் முதுகுப் பக்கம் என்று
நான் திருத்தவில்லை.

வீட்டில் செந்திரு. பள்ளியில் கின் தாண்டா.
முதல் வாரம் டீச்சர் தாண்டா, தாண்டா என்று கூப்பிட
இவள் சன்னலில் ஊரும் எறும்பைப் பார்த்திருந்தாளாம்.
காதைக் காட்டுங்கள் டாக்டரிடம் என்றாள் டீச்சர்.
வீட்டுக்கு வந்து பின்னாலிருந்து
மிட்டாய்த் தாளைக் கசக்கினேன்.
சட்டென்று திரும்பினாள்.
காதுக்கு ஒன்றுமில்லை.
பெயர்தான் இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை.

நம் பாஷையில் தாண்டா என்றால் தாண்டாதவள்.
இவளோ மாதம் முடியுமுன்
ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்கு
சாக்கடையைத் தாண்டுவதுபோல் போய்வந்தாள்.
தித், ஹ்னித், தோன் என்று படியேறுவாள்.
மூணு, ரெண்டு, ஒண்ணு என்று இறங்குவாள்.

உயர டம்ளர் பாலை
அகலக் கிண்ணத்தில் ஊற்றினால் சண்டை:
"கொறஞ்சு போச்சு!"
அதே பால்தாண்டி என்றால் கேட்கமாட்டாள்.
அந்த வருடம் வீட்டில்
எல்லாமே குறைந்துகொண்டுதான் இருந்தது.
அவள் கணக்கைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்?

அரிசிக்கும் வாடகைக்குமாகத் தோட்டை அடகு வைத்தேன்.
துளை தூர்ந்துவிடாமல் துடைப்பக்குச்சி.
கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி
போனில் அவர் அவளிடம் கேட்டார்:
"அம்மா தோடு போட்டிருக்காளா?"

கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறவள்
என் காதைப் பார்த்தாள்.
குச்சியைப் பார்த்தாள்.
ஒரு கணம் நின்றாள்.
"காதுல இருக்கு" என்றாள்.

யார் சொல்லிக் கொடுத்தது?
நான் பார்ப்பதை அப்பா பார்க்கவில்லை.
நான் சொல்வதுதான் அவருக்குக் காட்சி.
உள்ளதைச் சொன்னால் அவருக்கு நோகும்.
நேற்றுவரை பாலுக்கு அழுத பிள்ளை
இத்தனையையும் அந்த ஒரு கணத்தில் ஏறியிருக்கிறாள்,
இருட்டில், கைப்பிடி இல்லாமல்.

பொய் சொன்னால் வாயில் போடு என்பார்கள்.
சோறு அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை
நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் கழித்துத் தோட்டை மீட்டேன்.
ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவே தலை தூக்கினாள்.
"புதுசாம்மா?"

கரண்டி நினைவில்லை. படகு நினைவில்லை.
என்னைக் காப்பாற்றிய அந்தப் பொய்யும்
அவளிடம் இல்லை.
எதனால் அவள் ஆனாளோ
அதெல்லாம் என்னிடம்தான் மிச்சம்.
நானோ இப்போதெல்லாம்
சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறவள்.

"ஆமா," என்றேன், "புதுசு."

அவள் என் காதைக்
கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.
பிறகு ஏழாறு நாற்பத்திரண்டு.